பின்பாட்டு இல்லாத கட்டியக்காரன்



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, புதுச்சேரி மிஷன் வீதியை ஒட்டிய சந்தில் ஒரு காபிக் கடை மாடியில் நடந்த ஓபன் மைக் நகைச்சுவை நிகழ்ச்சி பார்க்கப் போயிருந்தேன். முப்பது நாற்காலி, ஒரு மைக், ஒரு மஞ்சள் விளக்கு. நாலாவதாக ஏறிய பையனுக்கு இருபது வயது இருக்கும். கூட்டமான பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல மைக் ஸ்டாண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். முதல் ஜோக்குக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாவதை அவசரமாகச் சொன்னான். மூன்றாவதில் நாங்கள் சிரிக்க வாயெடுத்தபோது நாலாவதுக்குப் போய்விட்டான். ஐந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள், மூன்றிலேயே இறங்கிவிட்டான்.

படிக்கட்டில் அவனிடம் பேசினேன். "கால் நடுங்கினது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும் சார்" என்றான். நான் இரண்டாவது வரிசையில்தான் இருந்தேன். சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

அவனுக்காகத்தான் இந்த மாதப் பக்கம்.

மேடையில் நிற்பவருக்குத் தன் நெஞ்சு அடித்துக்கொள்வது ஊருக்கே கேட்பதுபோல இருக்கும். சவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003-இல் இதைச் சோதித்து எழுதினார்கள். பேச வந்த மாணவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும், உங்கள் படபடப்பு நீங்கள் நினைக்கிற அளவுக்கு வெளியே தெரியாது என்று விளக்கிச் சொல்லி அனுப்பினார்கள். அதைக் கேட்டுவிட்டுப் போனவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். உட்கார்ந்து கேட்டவர்களின் மதிப்பீடும் அதுவே. பயம் போய்விடவில்லை. பயம் தெரிந்துவிடுமோ என்ற இரண்டாவது பயம்தான் குறைந்தது.

நகைச்சுவைக்காரருக்குச் சோதனை இன்னும் கடுமை. பாட்டு எடுபடவில்லை என்பது பாடகருக்கு மெதுவாகத்தான் தெரியும். சிரிப்பு வரவில்லை என்பது இவருக்கு அந்த நொடியே தெரிந்துவிடும். அந்த மௌனத்துக்கு அஞ்சி வேகத்தைக் கூட்டுகிறார். வேகம் கூடியதும் சபைக்குச் சிரிக்க இடமே இல்லாமல் போகிறது.

நம் தெருக்கூத்தில் கட்டியக்காரன் நுழைவதைக் கவனித்திருக்கிறீர்களா? ராஜா வருவதற்கு முன் சபைக்கு வருபவன் அவன். வந்ததும் சிரிக்க வைக்கப் பாய்வதில்லை. மிருதங்கக்காரர், முகவீணைக்காரர், பின்பாட்டுக்காரர்கள் பக்கம் திரும்பி அவர்களோடு வாய் கொடுக்கிறான். அவர்கள் கேட்கிறார்கள், இவன் கோணலாகப் பதில் சொல்கிறான், சபை அந்தப் பேச்சை ஒட்டுக் கேட்கிறது. சிரிப்பு கிளம்பும்போது அவன் மூச்சும் நிதானத்துக்கு வந்திருக்கும். எத்தனை தலைமுறை அனுபவம் இந்த ஏற்பாட்டுக்குள் இருக்கிறது! ஸ்டாண்ட்-அப் செய்கிற பிள்ளைகளோ பின்பாட்டு இல்லாத கட்டியக்காரர்கள். தனியாக வந்து தனியாக நிற்கிறார்கள்.

தனியாக நிற்பவருக்குத் துணை பயிற்சிதான். அதை அறிந்தவர் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள். அவர் சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. 1922 நவம்பர் 13 அன்று நம் ஊரில்தான் அவர் மறைந்தார். காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரில் தொடங்கப்பட்டது. 1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய பால சபையில்தான், பின்னாளில் புகழ்பெற்ற நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். பாட்டும் வசனமும் நெட்டுருவாகும் வரை பயிற்சி, அதன் பிறகே மேடை. அந்தக் கண்டிப்பு பிள்ளைகளுக்குச் சுமையாக இருந்திருக்கும் என்று நான் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. இப்போது அப்படி நினைக்கவில்லை. காரணம், 1982-இல் வெளியான ஓர் ஆய்வு. அமெரிக்காவில் பில்லியர்ட்ஸ் ஆடுகிறவர்களை வைத்து அதைச் செய்தார்கள். நான்கு பேர் பக்கத்தில் வந்து நின்று பார்த்தபோது, நன்றாக ஆடுகிறவர்களின் சரியான அடிகளின் அளவு 71 சதவீதத்திலிருந்து 80-க்கு ஏறியது. பழக்கம் குறைந்தவர்களுக்கு 36-லிருந்து 25-க்கு இறங்கியது. கை பழகியவனைக் கூட்டம் தூக்கிவிடுகிறது, பழகாதவனைக் கூட்டமே தள்ளிவிடுகிறது. சுவாமிகள் இதை வாத்தியாராகவே அறிந்திருந்தார் என்று நம்புகிறேன்.

ஆகவே அந்தத் தம்பிக்கு என் யோசனை சின்னது. ஐந்து நிமிடத்தையும் உருப்போட வேண்டாம். முதல் ஒரு நிமிடத்தை மட்டும், தூக்கத்தில் எழுப்பினாலும் வருகிற அளவுக்குச் சொல்லிப் பழகு. அதிகாலையில் கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டே சொல்லலாம். அங்கே யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மேடையில் ஒவ்வொரு ஜோக்கையும் சொல்லி முடித்ததும் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு அடுத்ததுக்குப் போ.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும், வாசகர்களே. அன்று முன் வரிசையில் ஆறு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. வந்தவர்கள் எல்லாரும், நானும்தான், அந்த வரிசையை விட்டு அதற்குப் பின்னால் உட்கார்ந்தோம். கையில் செல்போன் வேறு. அடுத்த முறை நம் ஊரில் இப்படி ஒரு பிள்ளை மைக் பிடிக்கும்போது முன் வரிசையில் உட்காருங்கள், போனைச் சட்டைப் பையில் வையுங்கள், சிரிப்பு வந்தால் வாய்விட்டுச் சிரியுங்கள். அவர்களுக்குப் பின்பாட்டு நாம்தான்.

அன்புடன்,
ஆசிரியர்