எல்லைக்கோட்டின் இப்புறம்

சிறுவர் கால்பந்துக் கழகம் தொடங்க ஒரு பந்தும் ஒரு திடலும் போதும். அது நிலைத்து நடக்க நல்ல பார்வையாளரும் வேண்டும். பந்தைத் தவறவிட்ட சிறுவனை எல்லைக்கோட்டில் நின்று ஏசினால், மறுநாள் அவன் திடலுக்கு வரத் தயங்குவான். தந்தை நடுவரைத் திட்டினால் மகனும் திட்டக் கற்பான். ஏச்சும் ஊக்கமே என்பர் சிலர், அது வீண்வாதம்.

1980 ஆகஸ்டு 16 அன்று கல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஆடியபோது எழுந்த பார்வையாளர் கலவரத்தில் 16 ரசிகர்கள் மாண்டனர். 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் இந்தியாவை வென்ற பாகிஸ்தான் கிரிக்கெட் அணிக்குச் சென்னை மக்கள் எழுந்து நின்று கைதட்டினர். இரண்டும் நம் நாட்டுக் கூட்டமே! இளையோருக்கு எதைக் காட்டப் போகிறோம்?

2019 முதல் அத்துமீறும் பயிற்சியாளருக்கும் நடுவர் அட்டை காட்டலாம். பார்வையாளருக்கு அட்டையில்லை. ஆகவே கழகமே விதி வகுக்கட்டும்: யோசனை சொல்வது பயிற்சியாளர் மட்டுமே, மற்றவர் இரு அணிக்கும் கைதட்டுக, ஏசுபவர் வெளியேறுக.

தோற்றவரை மதிப்பது நமக்குப் புதிதன்று. திருவாலங்காட்டில் இறைவனோடு ஆடித் தோற்றவள் காளி என்கிறது தலபுராணம். எனினும் அவளை வணங்கிய பின்னரே இறைவனை வணங்குவது அவ்வூர் மரபு. அந்த முதல் மரியாதையைத் திடலிலும் தருவோம், நண்பர்களே!