அந்த ஒரு வருஷம் யாருக்கு?

பிரிட்டனில் டாக்டர் படிப்பு சாதாரணமாக 5 வருஷம். நடுவே ஒரு வருஷம் ஒதுங்கி, இன்னொரு பட்டமும் வாங்கலாம். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆகிய இடங்களில் அது படிப்போடு சேர்ந்தே வருகிறது. மொத்தம் 6 வருஷம். "எவனோ கூட ஒரு வருஷம் படித்தால் நமக்கென்ன?" என்று மில் தோழர் கேட்கலாம்.

நமக்கு இருக்கிறது!

அந்த வருஷத்தில்தான் மாணவன் ஆராய்ச்சி பழகுகிறான். நோய்க்கு மருந்து எழுதினால் போதாது, நோய் எங்கிருந்து வந்தது என்று கேட்கப் பழகுகிறான். பஞ்சுத் தூசி நெஞ்சை அரிப்பது நூற்பாலைத் தொழிலாளிக்குத் தெரியும். லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனால் மூச்சு அடைக்கும். லங்காஷயர் பஞ்சாலைகளில் 1950-களில் இதை முறையாக ஆராய்ந்தார் டாக்டர் ரிச்சர்டு ஷில்லிங். அந்தத் தூசியைத் தின்றவனின் பிள்ளைக்கு இந்தக் கேள்வி யாரும் சொல்லிக்கொடுக்காமலே வரும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அந்த வருஷம் கிடைக்கிறதா?

இங்கிலாந்தில் 1998-ல் 1,000 பவுன் கட்டணம் புகுந்தது. 2012-ல் அது 9,000 பவுன் வரை ஏறியது. ஐந்தாம் வருஷம் முதல் கட்டணத்தைத் தேசிய சுகாதார சேவை கட்டுகிறது; இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே வருஷங்களில் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வரும் சர்க்கார் கடன் சுருங்கிவிடுகிறது. கூடுதல் பட்டம் என்றால் ஒரு வருஷ இழுபறி இரண்டு வருஷமாகிறது. டாக்டர் சம்பளமும் ஒரு வருஷம் தள்ளிப் போகிறது. வீட்டில் பணம் உள்ளவன் இதைத் தாங்குவான். மற்றவன்?

முன்பு முதல் வேலை ஒதுக்கீட்டில் இந்தப் பட்டத்துக்கு மார்க்கும் போட்டார்கள். 2023-ல் வேலையில் சேர்ந்தவர்கள் முதல் அதை நிறுத்தினார்கள். நல்ல காரியம், அப்பன் பணம் மகனுக்கு மார்க்காகக் கூடாது. (2024 முதல் கம்ப்யூட்டர் குலுக்கல் வந்தது. அது வேறு சண்டை.) ஆனால் மார்க்கை எடுத்துவிட்டால் போதுமா? பணக்காரப் பிள்ளை மார்க் இல்லாமலும் ஆராய்ச்சிக்குப் போவான். ஏழைப் பிள்ளைக்குக் கதவு மூடியபடியே இருக்கும்.

பதின்மூன்று வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போன அனூரின் பெவன்தான், மந்திரியாகி 1948 ஜூலை 5-ல் அந்தச் சேவையைத் தொடங்கினார். ஆஸ்பத்திரி வாசலில் நோயாளியிடம் காசு கேட்கக்கூடாது என்றார்கள். கல்லூரி வாசலில் மட்டும் கேட்பது என்ன நியாயம்? அந்த வருஷத்துக்கு வேண்டியது கடனல்ல. சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் முழு உதவித்தொகை.