தடிப்பை அளக்கும் சட்டம்

கண்டி ஹந்தானைத் தோட்டங்களின் லயன் கொல்லைகளில் மரக்கறிப் பாத்திக்கு வேலியாக நிற்பது பழைய உரச் சாக்குதான். நன்றாக வெயில் தின்ற சாக்கைக் கையில் கசக்கினால் வெள்ளை இழைகள் பொடிப்பொடியாக உதிரும். அடுத்த மழைக்கு அவை ஓடையில் இறங்கும். ஓடை மகாவலியில் சேரும்.

5 மில்லிமீற்றருக்குக் குறைந்த இத்தகைய துணுக்குகளே நுண்பிளாஸ்டிக். இவை நம் உடம்புக்குள் புகுவதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். வழியில் எதை ஏற்றிக்கொண்டு வருகின்றன என்று கேட்பதில்லை.

புதுப் பிளாஸ்டிக்கில் உலோகம் பெரிதாக ஒட்டாது. வெயிலில் நைந்தது அப்படியல்ல. புற ஊதாக் கதிர் பட்டு அதன் மேற்பரப்பு ஒட்சியேறி, மறை மின்னேற்றம் பெறுகிறது. ஈயம், கட்மியம், செம்பு, நாகம் ஆகியவை நீரில் பெரும்பாலும் நேரேற்ற அயன்களாக இருப்பதால் அதில் போய் ஒட்டிக்கொள்கின்றன. நுண்ணுயிர்ப் படலமும் மேலே படர்ந்தால் பிடி இன்னும் இறுகும். கடற்கரையில் பொறுக்கிய பழைய பிளாஸ்டிக் மணிகள் புது மணிகளைவிட அதிக உலோகத்தைப் பிடிப்பதை இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள்.

இங்கேதான் பிளாஸ்டிக்கில் கலக்கப்படும் சேர்மானங்கள் வருகின்றன. பிவிசியை வளைய வைக்கும் தலேற்றுகளும், தீப்பற்றாமல் காக்கும் பல புரோமின் சேர்வைகளும் பிளாஸ்டிக்கோடு பிணையாமல் வெறுமனே கலந்து கிடப்பவை. உள்ளே இருக்கும்வரை மேற்பரப்பின் இயல்பை மாற்றுகின்றன. கசிந்து வெளியேறினால் நுண்துளைகளை விட்டுப் போகின்றன. சில சேர்மானங்கள் தாமே உலோகம்: மஞ்சள், சிவப்பு நிறங்களுக்குக் கட்மியம், பழைய பிவிசி குழாய்களில் ஈயம். பிறக்கும்போதே சுமையோடு வரும் துணுக்கு, போகிற வழியிலும் ஏற்றிக்கொள்கிறது. அமிலம் சுரக்கும் இரைப்பைக்குள் போனால் அந்தப் பிடி தளரும்.

கண்டியில் உலோகத்துக்குப் பஞ்சமில்லை. மலையில் பொஸ்பேற்று உரத்தோடு வரும் கட்மியம். நகரில் நெரிசலில் ஊரும் பஸ்களின் பிரேக்கிலிருந்து செம்பு, டயர்த் தூளிலிருந்து நாகம். அந்த டயர்த் தூளே ஒரு நுண்பிளாஸ்டிக். மழை இதையெல்லாம் கழுவி மெதஎல ஓடையில் விடுகிறது. அது மகாவலியில் கலக்கிறது. கீழே ஆற்றோரமாகக் கொஹாகொடக் குப்பைமேடு. பல பத்தாண்டுக் குப்பையின் ஊறல்நீர் ஆற்றில் இறங்கும் இடம். அதற்கும் கீழே பொல்கொல்ல அணை. 1976 முதல் அங்கிருந்து சுரங்கம் வழியே மகாவலி நீர் வடக்கே திருப்பப்படுகிறது. கண்டியின் அழுக்கு கண்டியோடு நிற்பதில்லை.

நம் சட்டமோ தடிப்பையும் வடிவத்தையும் பார்க்கிறது. 20 மைக்ரோன் அல்லது அதற்குக் குறைந்த பொலித்தீனுக்குத் தடை. 2017இல் லஞ்ச் சீட்டுக்கும் ரெஜிபோம் பெட்டிக்கும் தடை. 2021இல் சஷே பக்கற்றுக்கு. அதே ஆண்டு விவசாய இரசாயனங்களைப் பெட், பிவிசியில் அடைக்கத் தடை விதித்தபோது பிளாஸ்டிக்கின் வகை பற்றிய யோசனையும் எட்டிப்பார்த்தது. 21 மைக்ரோன் பையில் என்ன சாயம், என்ன மென்மையாக்கி என்று இந்தத் தடைகள் கேட்பதில்லை. இறக்குமதியாகும் பிளாஸ்டிக் மூலப்பொருளோடு சேர்மானப் பட்டியலும் வரவேண்டும்; மத்திய சுற்றாடல் அதிகாரசபை அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

அளக்கும் முறையும் மாறவேண்டும். ஆற்று நீரை 0.45 மைக்ரோன் வடிதாளில் வடித்து, கரைந்த உலோகத்தை மட்டும் அளந்தால், துணுக்கில் ஒட்டியது வடிதாளோடு தங்கிக் கணக்கிலிருந்து நழுவிவிடும். வடிக்காத நீரையும் அடிச்சேற்றையும், மழைக்கு முன்னும் பின்னும், மெதஎல வாயிலும் பொல்கொல்லவிலும் அளக்க வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகமும் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகமும் இதே ஹந்தானையை ஒட்டித்தான் இருக்கின்றன. ஆய்வுகூடத்துக்காகக் கொழும்புக்குப் போகவேண்டியதில்லை.