ஆயாவின் உதடும் ஆயாவின் குரலும்

சென்ற மாதம் கலசப்பாக்கத்திலிருந்து நமது நண்பர் ஒருவரின் கடிதம் வந்தது. "உடனே புறப்பட்டு வரவும். எங்கள் வீட்டில் அம்மாவின் வாய் மூடிய பிறகு குரல் வருகிறது" என்று எழுதியிருந்தார். நண்பரின் தாயார் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. ஆகையால் கடிதத்தைப் படித்ததும் நமக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கிற்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். மேலே படித்த பிறகுதான் சங்கதி ஆவியுலகத்தைச் சேர்ந்ததல்ல, கம்ப்யூட்டரைச் சேர்ந்தது என்று தெரிந்தது. ஆனாலும் நமது பயம் முழுவதும் தீர்ந்துவிடவில்லை. ஆவியை ஓட்டுவதற்காவது மந்திரவாதி கிடைப்பான்!

கலசப்பாக்கம் திருவண்ணாமலைக்கும் போளூருக்கும் இடையில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது. ஒரு பக்கம் பர்வதமலை; அதற்கப்பால் ஜவ்வாது மலைத் தொடர். வருஷா வருஷம் ரதசப்தமியன்று அண்ணாமலையார் இந்தச் செய்யாற்றுக்குத்தான் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். அன்றைக்கு ஆற்று மணலில் ஜனங்கள் திரளும் காட்சி பார்க்க வேண்டியதொன்று.

1996-ஆம் வருஷத்து ரதசப்தமியன்று நண்பர் ஒரு காரியம் செய்தார். அந்தப் பக்கத்தில் கல்யாணங்களுக்கு வீடியோ எடுத்துக் கொண்டிருந்தவர் ஒருவரை அழைத்து, குடும்பத்தார் ஆற்றங்கரையில் இருந்ததையெல்லாம் படம் பிடிக்கச் சொன்னார். நாற்பது நிமிஷப் படம். அதில் நண்பரின் தாயார் பேத்தியைக் கையில் பிடித்துக் கொண்டு சுவாமி வரும் கதை சொல்கிறார். வடாற்காட்டுப் பக்கத்தில் பாட்டியை 'ஆயா' என்றுதான் அழைப்பார்கள். அந்த ஆயாவின் குரல் இவ்வுலகத்தில் மிச்சமிருப்பது இந்த ஒரு டேப்பில்தான்.

அன்று நான்கு வயதாயிருந்த பேத்தி இப்போது கடல் கடந்த தேசத்தில் வேலையாயிருக்கிறாள். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், ஆயா பேசுவதைக் கேட்கவேண்டும் என்று எழுதியிருந்தாள். நண்பரின் இளைய குமாரன் வீட்டுக் கம்ப்யூட்டரில் டேப்பை மாற்றும் பொறுப்பை ஏற்றுக்கொண்டான். பிள்ளையாண்டான் கெட்டிக்காரன்தான். ஆனால் அவன் செய்த மாற்றம் ஒன்றல்ல. டேப்பிலிருந்து ஒரு முறை, அதைச் சிறிதாக்க ஒரு முறை, டெலிவிஷனுக்கென்று ஒரு முறை, கைப்பேசியில் அனுப்ப இன்னொரு முறை, ஆக நான்கு. ஒவ்வொரு முறையும் இடம் போதவில்லை என்று முந்தினதை அழித்துவிட்டான்!

* * *

"பாருங்கள், மாமா!" என்று அவன் படத்தை ஓட்டிக் காட்டினான். பார்த்தோம். மெலிந்த சரீரமுள்ள ஆயா பருமனாகிவிட்டார். நடப்பவர்களின் ஓரமெல்லாம் சீப்புப் பல்லைப் போல் கோடு கோடாகப் பிரிந்தது. செய்யாற்றுத் தண்ணீர் தண்ணீராக இல்லாமல் சதுரம் சதுரமாய்ச் சலவைக்கல் பாவியது போல் ஓடிற்று. ஆரம்பத்தில் சரியாயிருந்த குரல் போகப் போகப் பின்தங்கிற்று. முடிவில் ஆயா வாயை மூடி நான்கு விநாடி கழித்து, "கண்ணு, ஆத்துல எறங்காதே!" என்ற சொல் எங்கிருந்தோ வந்தது. நண்பர் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார்.

"இன்னொரு முறை மாற்றினால் சரியாகிவிடும், மாமா" என்றான் பையன்.

"அப்பனே, கையைக் கீழே வை!" என்றோம்.

நமது நேயர்களில் எத்தனையோ பேர் வீட்டில் இதே 'இன்னொரு முறை' நடந்து கொண்டிருக்கும் என்பதால், இந்த விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

பழைய டேப்பிலுள்ள படத்தை ஒரு புள்ளியும் விடாமல் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும்? நம் நாட்டு முறைப்படி குறுக்கே 720 புள்ளி, நெடுக்கே 576 வரி, விநாடிக்கு 25 படம். கணக்குப் போட்டால் மணிக்குச் சுமார் 56 ஜிகாபைட் ஆகிறது. டி.வி.டி. தட்டு ஒன்றில் கொள்வதோ 4.7 ஜிகாபைட்தான். யானையைப் பானைக்குள் அடைத்த கதை! அடைப்பதற்கு ஒரு வித்தை வேண்டுமல்லவா?

அந்த வித்தைக்கு அஸ்திவாரம் போட்டவர்கள் யார் தெரியுமா? 1940-இல் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது என்பவர், அமெரிக்காவில் கன்ஸாஸ் ராஜாங்க சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த போது, 1972-இல் இந்த யோசனையை ஆராய்வதற்குப் பணம் கேட்டு அந்நாட்டு விஞ்ஞான ஸ்தாபனத்துக்கு விண்ணப்பம் போட்டார். பணம் கிடைக்கவில்லை. யோசனை ரொம்பவும் எளிதாயிருக்கிறது என்று பரிசீலித்தவர் ஒருவர் கருதினாராம்! ஆனாலும் அவர் விடவில்லை. டி. நடராஜன், கே. ஆர். ராவ் என்னும் இருவருடன் சேர்ந்து 1974-ஆம் வருஷம் ஜனவரியில் சில பக்கக் கட்டுரையாக அதை வெளியிட்டார். டி.வி.டி.யும், கைப்பேசியில் எடுக்கும் புகைப்படமும், இன்றைய வீடியோ முறைகளில் பெரும்பாலானவையும் அந்தக் கணக்கையோ அதன் வழித்தோன்றலையோ கொண்டுதான் நடக்கின்றன. உலகத்தார் நாள்தோறும் பார்க்கும் படங்களின் அடியில் மூன்று பாரதீயர்களின் கணக்கு ஓடுகிறது என்பது நம் வீட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டிய சங்கதி.

கணக்கின் தாத்பரியம் இதுதான்: படத்தைச் சிறு சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் மெதுவாக மாறும் நிறம் எவ்வளவு, நுணுக்கமாக மாறுவது எவ்வளவு என்று தனித் தனியே எழுதிக்கொள்ள வேண்டியது. நுணுக்கத்தில் சிறிது குறைந்தால் மனிதர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே அதைக் குறைத்து எழுதி இடத்தை மிச்சப்படுத்துகிறார்கள். கொஞ்சம் குறைத்தால் மோசமில்லை. அளவு மீறிக் குறைத்தால் சதுரங்களே பல்லைக் காட்டுகின்றன. ஓயாமல் அலையும் ஆற்று நீரில் நுணுக்கம் அதிகம். அதனால்தான் செய்யாறு முதலில் சலவைக்கல் ஆயிற்று.

இதில் நேயர்கள் மறவாதிருக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒருமுறை விட்டுவிட்ட நுணுக்கம் திரும்ப வராது. நகலிலிருந்து நகல் எடுக்க எடுக்க நஷ்டம் கூடுமே தவிரக் குறையாது. மோரில் தண்ணீர் விட்டுப் பெரிய அண்டாவில் ஊற்றினால் தயிராகிவிடுமா? 'பெரிய அளவில் மாற்றிக்கொள்' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வதும் அப்படித்தான்.

* * *

ஆகையால் மாற்றுவதை நிறுத்திவிட்டு, வியாதி என்ன என்று பார்க்க உட்கார்ந்தோம்.

குரல் பின்தங்குவதில் மூன்று ஜாதி உண்டு. முதலிலிருந்து கடைசி வரை ஒரே அளவாகப் பின்தங்கினால், குரலை முன்னால் தள்ளி வைத்தால் போதும். ஒரே சீராகக் கூடிக்கொண்டே போனால், படத்தின் வேகமும் ஒலியின் வேகமும் ஒத்துப் போகவில்லை என்று அர்த்தம். அதையும் கணக்குப் பண்ணிச் சரி செய்யலாம். இங்கேயோ சில நிமிஷம் சரியாயிருந்து, திடீரென்று அரை விநாடி தாவி, பிறகு மறுபடி தாவிற்று. விநாடிக்கு 25 படம். நான்கு விநாடிக்கு நூறு படம். அந்த நூறு படங்களும் டேப்பிலிருந்து வரும் வழியிலேயே தொலைந்து போயிருக்கின்றன! ஒலி முழுவதும் வந்து, படம் மட்டும் குறைந்ததால், படம் முந்திக்கொண்டது.

"டேப்பை ஓட்டிய போது கம்ப்யூட்டரில் வேறு என்ன நடந்தது?" என்று கேட்டோம். பையன் தலையைச் சொறிந்தான். அதே சமயத்தில் ஒரு சினிமாவை இறக்கிக் கொண்டிருந்தானாம். வட்டிலும் நிரம்பி வழிந்ததாம். இரண்டு கையிலும் குடம் வைத்திருப்பவனிடம் மூன்றாவது குடத்தைக் கொடுத்தால் எது விழும் என்று சொல்ல முடியுமா?

மற்றக் குறைகள் அவ்வளவு பொல்லாதவை அல்ல. பழைய டெலிவிஷன் முறையில் ஒவ்வொரு படமும் ஒற்றை வரிகள் ஒரு தடவையும் இரட்டை வரிகள் ஒரு தடவையுமாக, விநாடிக்கு ஐம்பது பாதியாக வரும். இரண்டு பாதிகளையும் அப்படியே சேர்த்துவிட்டால் அசைகிற உருவங்களுக்குச் சீப்புப் பல் முளைக்கிறது. மாற்றும் கருவிகளில் இதற்கென்றே 'டீஇன்டர்லேஸ்' என்ற வழி இருக்கிறது. அதைப் போட மறந்திருந்தான். ஆயா பருத்ததற்குக் காரணம், நாலுக்கு மூன்று என்ற அளவிலிருந்த படத்தைப் பதினாறுக்கு ஒன்பதாக இழுத்துவிட்டது. இதனால் எல்லோரும் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு பெருத்துப் போவார்கள். இரு பக்கமும் கறுப்பாக விட்டுவிடுவதே மரியாதை.

டெலிவிஷன் படத்தை ஏற்க மறுத்ததாம். பையன் பெயரின் கடைசியிலிருந்த ஏ.வி.ஐ. என்பதை எம்.பி. 4 என்று திருத்தி எழுதிப் பார்த்தானாம். இவையெல்லாம் டப்பாவின் பெயர்கள். காப்பிப் பொடி டப்பாவின் மேல் மிளகாய்ப் பொடி என்று எழுதினால் சாம்பார் காரமாகுமா? உள்ளேயிருக்கும் பண்டம் இன்ன முறையில் சுருக்கப்பட்டது என்பதை வி.எல்.ஸி. போன்ற இலவசக் கருவியே சொல்லிவிடும். பண்டம் சரியாயிருந்து டப்பா மட்டும் பொருந்தாவிட்டால், மறுபடி சுருக்காமல் டப்பாவை மட்டும் மாற்றலாம், எள்ளளவும் நஷ்டமில்லை. பழைய முறையில் பதம் செய்த பென் டிரைவில் நான்கு ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

* * *

நிற்க. தொலைந்த நூறு படங்களை எங்கே போய்த் தேடுவது? மூல டேப்பில்தான். "டேப் எங்கே?" என்று கேட்டதும் வீட்டில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டதே என்று பழைய சாமான்காரருக்குப் போட எடுத்து வைத்திருந்தார்களாம். நல்ல வேளையாக அவர் அந்த வாரம் வரவில்லை. பரணிலிருந்த சாக்குப் பையில் டேப் அகப்பட்டது. ஆனால் சுருளின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை!

பூஞ்சை பிடித்த டேப்பை அப்படியே ஓட்டினால் டேப்பும் கெடும். ஓட்டுகிற யந்திரமும் கெடும். அன்று படம் பிடித்த வீடியோக்காரர் இன்னும் போளூரில் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்து கொண்டோம். கிழவர் டேப்பைப் பிரித்து, இரண்டு நாள் பொறுமையாகத் துடைத்துக் கொடுத்தார். தமது பழைய வி.சி.ஆரையும் இரவல் கொடுத்தார். "ஜாக்கிரதை! இனிமேல் இது கடையில் கிடைக்காது" என்றார். வாஸ்தவந்தான். உலகத்தில் கடைசியாக வி.சி.ஆர். செய்து வந்த ஜப்பானிய கம்பெனியும் 2016-இல் நிறுத்திவிட்டது.

வேறு எந்த வேலையும் இல்லாமல் கம்ப்யூட்டரைச் சும்மா வைத்து, டேப்பை ஓட்டினோம். முப்பத்தைந்தாவது நிமிஷத்தில் மின்சாரம் நின்றது! எம்.பி. 4 டப்பாவில் ஒரு விசேஷம்: எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதும். அதற்குமுன் விளக்கு அணைந்தால், சரக்கெல்லாம் உள்ளே இருந்தும் கோப்பு திறக்காது. மீட்கும் கருவிகள் உண்டு. பலிக்கும் என்ற நிச்சயம் இல்லை. மறுநாள் மின்கலம் உள்ள மடிக் கம்ப்யூட்டரையும், வி.சி.ஆருக்கு ஒரு இன்வெர்ட்டரையும் வைத்துக்கொண்டு, பாதியில் நின்றாலும் பிழைக்கக்கூடிய எம்.கே.வி. டப்பாவில், இழப்பில்லாத முறையில் பதிவு செய்தோம். கோப்பு பூதாகாரமாகத்தான் இருந்தது. இருக்கட்டும்! அதற்கு இரண்டு பிரதிகள் எடுத்து இரண்டு வட்டில் வைத்து, ஒன்றை வேறு வீட்டுக்கு அனுப்பியாயிற்று. அதிலிருந்துதான் ஹேண்ட்பிரேக் என்ற இலவசக் கருவியைக் கொண்டு, எந்த டெலிவிஷனும் ஏற்கும் எச். 264 முறையில் வீட்டுப் பிரதி ஒன்று செய்தோம். அதில் தரத்தைக் குறிக்கும் எண் குறையக் குறையப் படம் நன்றாயிருக்கும், கோப்பும் பெருக்கும். இப்பேர்ப்பட்ட படத்துக்கு 18-க்கு அருகில் வைத்தால் குறைசொல்ல இடமில்லை.

* * *

அன்று இரவு வீட்டார் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். செய்யாறு தண்ணீராகவே ஓடிற்று. ஆயா பழைய மெலிந்த ஆயாவாகவே வந்தார். ஓரிடத்தில், பூஞ்சை தின்ற சில விநாடிகள், படம் முழுதும் வெள்ளைக் கோடாகிவிட்டது. அதை எந்தக் கருவியாலும் திருப்ப முடியவில்லை. அதன் பிறகு ஆயா பேத்தியின் கையை இழுத்துப் பிடித்து, "கண்ணு, ஆத்துல எறங்காதே!" என்றார். உதடு அசைந்த போதே குரலும் வந்தது. நண்பர் இம்முறை திண்ணைக்குப் போகவில்லை.

நேயர்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு சாக்குப் பை இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்கிப் பாருங்கள். பூஞ்சையும் காலமும் காத்திருப்பதில்லை. மாற்றிய பிறகும் மூலத்தை எறிந்துவிடாதீர்கள். பையன்கள் எத்தனை கெட்டிக்காரர்களாயிருந்தாலும், "இன்னொரு முறை மாற்றிப் பார்க்கிறேன்" என்று சொல்லும் போது மட்டும், முந்தின பிரதி எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.