முனகும் சக்கரம்

மோட்டார் வண்டி பேசும் பாஷைகள் பல. பிரேக் தேய்ந்தால் கிறீச்சிடும். சைலன்ஸர் ஓட்டையானால் உறுமும். பாட்டரி தீர்ந்துபோனால் மௌன விரதம் பூணும். சக்கரத்தின் நடுவே இருக்கும் பேரிங் தேய்ந்தால் மட்டும் வண்டி முனகத் தொடங்குகிறது. ஜுரம் வந்த குழந்தை இராத்திரியில் முனகுவதைப் போன்ற தாழ்ந்த, விடாத ஓசை அது. வேகம் கூடினால் கூடும், குறைந்தால் குறையும். வீட்டிலுள்ளவர்கள் சில நாள் கவனிப்பார்கள், பிறகு பழகிவிடும். பழகிவிடுவதுதான் அபாயம்.

திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்து நேயர் ஒருவர் இந்த முனகலைப் பற்றி நமக்கு எழுதியிருக்கிறார். அவரிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டி ஒன்று இருக்கிறது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் முன்பக்கத்தில் "ஊம்" என்று ஓசை கேட்டதாம். பட்டறையில் காட்டியிருக்கிறார். மேஸ்திரி சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்துவிட்டு, நடுவிலுள்ள நட்டை "ஒரு பிடி" இறுக்கிக் கொடுத்தார்; கூலிகூட வாங்கவில்லை. பதினைந்து நாள் சத்தமே இல்லை. பதினாறாம் நாள் முன்னைக்காட்டிலும் உரக்க ஆரம்பித்துவிட்டது. "பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள், அப்பா!" என்கிறாராம் குமாரர். இனிமேல் இந்த வண்டியில் ஸ்ரீரங்கத்துக்குக்கூட வரப்போவதில்லை என்று வீட்டு அம்மாள் தீர்மானம் செய்துவிட்டாராம். வண்டியைக் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறார்.

கொடுக்கவேண்டாம் என்பது நமது அபிப்பிராயம். ஆனால் பேரிங்கைப் புதுப்பிக்கும் வரையில் அம்மாளின் தீர்மானமே சரியானது. வண்டி வெளியே கிளம்பக் கூடாது. ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

ஹெரால்டு வண்டியை அறியாத இளைஞர்களுக்காக ஒரு வார்த்தை. 1959-இல் இங்கிலாந்தில் பிறந்த வண்டி இது. உருவத்தை அமைத்தவர் ஜியோவன்னி மிச்சலோட்டி என்னும் இத்தாலியர். 1961 முதல் சென்னையிலேயே உருவாயிற்று. வண்டலூர்ப் பக்கத்தில் இருந்த அந்தத் தொழிற்சாலை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மூக்குப் பகுதி முழுவதும் முன்னால் கவிழ்ந்து திறந்துகொள்ளும்; முன் சக்கரங்களும் இஞ்சினும் திறந்த பெட்டியில் வைத்த நகைகளைப் போல் கண்ணெதிரே தெரியும். கையால் வேலை செய்ய விரும்புகிறவர்களுக்கு இதைவிட வசதியான வண்டியை நாம் பார்த்ததில்லை.

இனி, பேரிங். உருளும் பொருளைக் கொண்டு உராய்வைக் குறைக்கலாம் என்பது பழைய யுக்தி. வேல்ஸ் நாட்டின் கார்மார்தன் நகரத்து பிலிப் வான் என்பவர், வண்டியின் அச்சில் குண்டுகளை வைத்துச் சுழலச் செய்யும் முறைக்கு 1794-லேயே உரிமை பெற்றார். ஆனால் குண்டுகள் எல்லாம் ஒரே அளவில் அமைந்தாலல்லவா அந்த யுக்தி பலிக்கும்? ஜெர்மனியில் ஷ்வைன்ஃபுர்ட் நகரத்து ஃபிரெடரிக் ஃபிஷர் 1883-இல் குண்டுகளை ஒரே சீராக அரைத்தெடுக்கும் யந்திரத்தை அமைத்த பிறகே அது கைகூடியது. அதே ஷ்வைன்ஃபுர்ட்டின் பேரிங் தொழிற்சாலைகளை அழிப்பதற்காக 1943, அக்டோபர் 14-ஆம் தேதி ஒரே நாளில் அமெரிக்கர்கள் 60 விமானங்களைப் பலி கொடுத்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் இந்தப் பொருளின் மதிப்பு யுத்தம் செய்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஹெரால்டின் முன் சக்கரத்தில் இருப்பவை குண்டுகள் அல்ல; ஒரு முனை பருத்தும் மறு முனை சிறுத்தும் இருக்கும் உருளைகள். அமெரிக்காவில் ஸெயிண்ட் லூயி நகரில் குதிரை வண்டிகள் செய்துகொண்டிருந்த ஹென்றி டிம்கன் 1898-இல் உரிமை பெற்ற அமைப்பு இது. வண்டி நேரே போகும்போது பாரம் மேலிருந்து கீழாக அழுத்துகிறது. வளைவில் திரும்பும்போதோ பக்கவாட்டிலும் தள்ளுகிறது. சரிவான உருளைகள் இரண்டையும் தாங்கும். உள்ளே உருளைகளோடு கூடிய பகுதிக்குக் கோன் என்றும், அது அமரும் வெளி வளையத்துக்குக் கப் என்றும் பட்டறையில் பெயர். ஒவ்வொரு சக்கரத்துக்கும் உட்புறம் பெரிதாக ஒன்று, வெளிப்புறம் சிறிதாக ஒன்று என இரண்டு ஜோடிகள், ஒன்றையொன்று எதிர்நோக்கி நிற்கின்றன. நடு நட்டை இறுக்க இறுக்க, கோன் ஆப்பைப் போலக் கப்புக்குள் நெருங்கும்.

மேஸ்திரியின் தயாள குணம் விபரீதமாய் முடிவது இங்கேதான். தேய்ந்த பேரிங்கில் நட்டை இறுக்கினால் ஆட்டம் மறையும். சத்தமும் கொஞ்ச நாள் அடங்கும். ஆனால் உருளைகள் மூச்சுவிட இடமின்றி நெரிபடுகின்றன. ஓடும்போது சூடேறுகிறது; சூடேறிய இரும்பு விரிகிறது; விரிவதற்கு இடம் இல்லை. கிரீஸ் உருகி ஓடிப்போகிறது. உருளைகளைப் பிடித்திருக்கும் மெல்லிய தகட்டுக் கூண்டு உடைகிறது. பிறகு கோன் தன்மேல் சுழலவேண்டிய உருளைகளை விட்டு, தான் உட்கார்ந்திருக்கும் அச்சையே பிடித்துச் சுற்றி அறுக்கத் தொடங்கும். அச்சு நீலம் பாய்ந்து, ஒரு நாள் முறியும். சக்கரம் தனியே புறப்பட்டுப் போகும். பின் ஆசனத்தில் குழந்தைகள் இருப்பார்கள் என்பதை நினைத்தால், அந்த "ஒரு பிடி"க்குக் கூலி வாங்காதது பெரிய உபகாரமாக நமக்குத் தோன்றவில்லை.

எந்தச் சக்கரம் முனகுகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி? ஜன சஞ்சாரமில்லாத அகலமான ரஸ்தாவில் மெதுவாக இடமும் வலமும் வளைத்துப் பாருங்கள். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலச் சக்கரத்தில் சாயும். அப்போது முனகல் கூடினால் குற்றவாளி வலப்பக்கத்தில். அதன் பிறகு ஜாக்கி கொடுத்துத் தூக்கி, சக்கரத்தை உச்சியிலும் அடியிலும் பிடித்து ஆட்டவேண்டும். ஆட்டம் இருந்தால் உடனே பேரிங் மீது பழி சுமத்திவிடாதீர்கள். ஒருவரை உள்ளே உட்காரவைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் சக்கரத்தைத் தாங்கும் மூட்டுகளில் தேய்மானம். ஹெரால்டில் கீழ் மூட்டைப் பற்றி ஒரு விசேஷம்: அதற்குக் கிரீஸ் ஆகாது, கியர் எண்ணெய்தான் போடவேண்டும். கிரீஸ் துப்பாக்கியைக் கண்ட இடத்திலெல்லாம் குத்தும் பையன்களின் புண்ணியத்தில் எத்தனையோ ஹெரால்டுகள் நடுத் தெருவில் மண்டியிட்டிருக்கின்றன.

பேரிங்தான் என்று தீர்ந்துவிட்டால் வேலைக்கு அரை நாள் ஒதுக்குங்கள். பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, தூக்கிய வண்டியை உறுதியான தாங்கியின் மேல் நிறுத்துங்கள். ஜாக்கியை மாத்திரம் நம்பி வண்டிக்கடியில் கையை விடுவது மகா மூடத்தனம். சக்கரத்தையும் பிரேக் டிரம்மையும் கழற்றினால் நடுவில் சிறிய தகட்டு மூடி இருக்கும். அதை நெம்பி எடுத்தால், கொத்தளம் போல் வெட்டுள்ள நட்டும், அது கழன்றுவிடாமல் குறுக்கே செருகிய ஸ்ப்ளிட் பின்னும் தெரியும். மாட்டு வண்டிக்குக் கடையாணி என்ன வேலை செய்கிறதோ அதே வேலைதான் இதற்கும். பழைய பின்னை மறுபடி உபயோகிக்கவேண்டாம். ஒரு முறை வளைந்து நிமிர்ந்த கம்பியை நம்பி நாலு பேரை ஏற்றிச் செல்ல முடியாது.

நட்டை எடுத்து ஹப்பை இழுத்தால் வெளிப்புறக் கோன் தானாகக் கையில் விழும். உட்புறத்தில் கம்பளி வளையம் ஒன்றும் அதற்கு அப்பால் பெரிய கோனும் இருக்கும். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். உருளைகளிலும் கப்பின் உட்பரப்பிலும் அம்மைத் தழும்பு போன்ற குழிகளோ கோடுகளோ நீல நிறமோ தெரிந்தால் அந்தப் பேரிங்கின் ஆயுள் முடிந்தது. அச்சையும் துடைத்து நகத்தால் வருடிப் பாருங்கள். அதில் பள்ளம் விழுந்திருந்தால் புதிய பேரிங் போட்டும் பயனில்லை. அச்சையும் மாற்றியாக வேண்டும். திருச்சி அன்பர் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

சிக்கனம் கருதிக் கோனை மட்டும் மாற்றி, பழைய கப்பை அப்படியே விட்டுவிடுவது நமது தேசத்தில் பரவியிருக்கும் வழக்கம். கப்பைத் தட்டி எடுப்பது சிரமமான காரியம் என்பதுதான் உண்மைக் காரணம். சிக்கனம் என்பது சாக்கு. குழி விழுந்த தரையில் புது உருளைகள் எத்தனை நாள் தாங்கும்? எதிர்ப்புறத்திலிருந்து பித்தளைக் கம்பி ஒன்றை வைத்து, இப்படியும் அப்படியும் மாறி மாறித் தட்டினால் கப் வந்துவிடும். புதியதைக் கோணாமல் வைத்து அதே பொறுமையுடன் இறக்கவேண்டும். அடிவரை உட்கார்ந்ததும் தட்டும் ஓசை மாறிக் கணீரென்று கேட்கும். அந்தக் கணீர் கேட்கும் வரையில் கை ஓயக் கூடாது.

தொழிற்சாலையே போய்விட்டதே, சாமான் எங்கே கிடைக்கும் என்று கவலைப்பட வேண்டியதில்லை. பேரிங்கின் முகத்தில் ஓர் எண் பொறித்திருக்கும். அந்த எண் மோட்டார்க் கம்பெனியின் சொத்து அல்ல; பேரிங் செய்கிறவர்களிடையே வழங்கும் பொதுவான அளவைக் குறிப்பது. எண்ணைக் குறித்துக்கொண்டு சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டுக்கோ, உங்கள் ஊரில் நம்பிக்கையான பேரிங் கடைக்கோ போய்க் கேளுங்கள். 1946-இல் ஜெய்ப்பூரில் நேஷனல் பேரிங் கம்பெனி தோன்றிய காலத்திலிருந்து நல்ல உள்நாட்டுச் சரக்கு கிடைத்து வருகிறது. எண் மங்கலாகவோ, பெட்டியில் எழுத்துப் பிழையோடோ, பாதி விலையிலோ கிடைக்கும் சரக்கை மட்டும் வாங்காதீர்கள். போலி மருந்துக்கும் போலிப் பேரிங்குக்கும் வித்தியாசம் அதிகம் இல்லை.

கிரீஸ் போடுவதில் ஒரு நயம் இருக்கிறது. மேலே பூசினால் போதாது. இடது உள்ளங்கையில் ஓர் உருண்டை வைத்துக்கொண்டு, கோனின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, உருளைகளின் இடுக்கு வழியாக மறுபுறம் கிரீஸ் பிதுங்கி வரும் வரையில் செய்யவேண்டும். வீட்டுச் சிறுவர்களுக்கு இந்தக் கட்டம் மிகவும் பிடிக்கும்; தாய்மார்கள் பழந்துணியோடு அருகில் நிற்பது நலம். ஹப்பின் மூடியில் மட்டும் கிரீஸை நிரப்பக் கூடாது. சூட்டில் இளகினால் அது போகுமிடம் பிரேக்தான். கம்பளி வளையம் புதியதாக இருக்கட்டும்; எண்ணெயில் ஊறவைத்துப் பிழிந்து போடுங்கள்.

கடைசியாக நட்டு. சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே, 5 பவுண்டு-அடி அளவுக்குத்தான் இறுக்கவேண்டும்; அதாவது சின்ன ஸ்பானரில் மணிக்கட்டின் பலம் போதும், தோள் பலம் வேண்டாம். உருளைகள் இடத்தில் உட்கார்ந்ததும், நட்டை ஒரு முகம், அதாவது ஆறில் ஒரு சுற்று, பின்னால் தளர்த்திப் புதிய பின்னைச் செருகவேண்டும். இப்போது சக்கரத்தை ஆட்டினால் மயிரிழை போல் ஓர் ஆட்டம் கைக்குத் தெரியும். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குதான் அது. பலருக்கு இது மனத்துக்கு ஒப்புவதில்லை. புதுப் பேரிங் போட்டும் ஆடுகிறதே என்று மறுபடி ஸ்பானரை எடுப்பார்கள். எடுக்காதீர்கள். சூட்டில் விரிவதற்காக விட்ட இடம் அது. ஆனால் இந்த விதி எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்றும் எண்ணவேண்டாம். மினி போன்ற வண்டிகளின் முன் சக்கரத்தில் இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே அளவெடுத்த வளையம் ஒன்று இருக்கும். அங்கே நட்டைப் பலங்கொண்ட மட்டும் இறுக்கத்தான் வேண்டும். மினியில் பழகிய கை ஹெரால்டைக் கெடுப்பதும், ஹெரால்டில் பழகிய கை மினியைக் கெடுப்பதும் இப்படித்தான்.

ஹெரால்டின் பின் சக்கரப் பேரிங்கை வீட்டில் கழற்ற முயலாதீர்கள். ஹப் அச்சின் சரிவில் இறுகிப் போயிருக்கும். தனியான இழுப்பான் இல்லாமல் அசையாது. உள்ளே இருக்கும் ஊசி உருளைகள் அச்சின் மேலேயே நேராக ஓடுவதால், அச்சும் தேய்ந்திருக்கிறதா என்று அனுபவசாலி ஒருவர்தான் சொல்லவேண்டும்.

முன் சக்கர வேலை முடிந்ததும் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்தி, ஹப்பின் மூடியில் கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கையை எடுக்கும்படி சுட்டால் நட்டு இன்னும் இறுக்கமாக இருக்கிறது. திரும்பவும் தளர்த்திப் பார்க்கவேண்டும். மற்றொரு பக்கத்துச் சக்கரத்தையும் அன்றே திறந்து பார்த்துவிடுங்கள். இரண்டும் ஒரே நாளில் பூட்டப்பட்டு, ஒரே தூரம் ஓடியவைதானே!