விலகிப் போக 165 மில்லியன் டாலர்: அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டில் ஓர் ஒப்பந்தப் போர்

அமெரிக்காவில் 'அட்லாண்டிக் கரையோரக் கூட்டமைப்பு' என்று ஒரு விளையாட்டுக் கூட்டமைப்பு இருக்கிறது. சுருக்கமாக ஏசிசி. கிழக்குக் கரையோரப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் போட்டியிடுவதற்காக 1953இல் தொடங்கியது. 2024 ஆகஸ்ட்டில் அதில் சேர்ந்த இரண்டு பல்கலைக்கழகங்களின் பெயர்கள் நம்மில் பலருக்குத் தெரிந்தவை: ஸ்டான்ஃபர்ட், பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். இரண்டும் இருப்பது நாட்டின் மறுமுனையில், பசிஃபிக் கரைப் பக்கம்.

'பிக் டென்' கூட்டமைப்பின் பெயரில் பத்து இருந்தாலும் உறுப்பினர்கள் இப்போது 18. 'பிக் 12'இல் 16. மேற்குக் கரையின் 'பாக்-12'இல் 12 பல்கலைக்கழகங்கள் இருந்தன. 2024 கோடையில் எஞ்சியவை இரண்டே. பெயர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் இந்த இடமாற்றங்களை ஒட்டி நடந்த வழக்குகளில், ஏதாவதொரு ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போகும் எந்த மாணவருக்கும் உரிய ஒரு கேள்வி இருக்கிறது. 'இத்தனை ஆண்டுகள் உங்களோடு இருப்பேன்' என்று எழுதிக் கொடுத்தவர் நடுவில் போக விரும்பினால் என்ன விலை கொடுக்க வேண்டும்?

நம் பல்கலைக்கழகங்களும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் மோதும் ஐவிபி போட்டிகளுக்குப் போயிருப்பவர்களுக்கு அரங்கில் யார் இருப்பார்கள் என்று தெரியும்: நண்பர்கள், ஒன்றிரண்டு பெற்றோர், அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கும் குழு. அமெரிக்காவில் கதை வேறு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கில் 100,000க்கும் மேற்பட்டோர் அமரலாம். அங்கே முதன்மை விளையாட்டு, தலைக்கவசம் அணிந்து நீள்வட்டப் பந்தோடு மோதும் அமெரிக்கக் காற்பந்து. பல்கலைக்கழகத்தின் மற்ற விளையாட்டுகளுக்கான செலவில் பெரும்பகுதியையும் அதுதான் சுமக்கிறது. பணத்தின் பெரிய ஊற்று தொலைக்காட்சி.

அந்த ஊற்று கூட்டமைப்புகளின் கைக்கு வந்ததற்கும் ஒரு வழக்கே காரணம். 1984 வரை எந்த ஆட்டத்தை ஒளிபரப்பலாம், எத்தனை முறை ஒளிபரப்பலாம் என்பதை என்சிஏஏ என்ற தேசிய அமைப்பு முடிவு செய்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. அந்த ஏற்பாடு போட்டியைத் தடுக்கும் செயல் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பைரன் வைட். இளமையில் அவரே கல்லூரிக் காற்பந்து நட்சத்திரம் என்பது சுவையான தகவல். தீர்ப்புக்குப் பிறகு ஒளிபரப்பு உரிமையை விற்கும் வேலையைக் கூட்டமைப்புகள் எடுத்துக்கொண்டன. எந்தக் கூட்டமைப்பில் இருக்கிறோம் என்பதே ஒரு பல்கலைக்கழகத்தின் வருமானத்தைத் தீர்மானிக்கத் தொடங்கியது.

பணம் கூடும் இடத்தை நோக்கி ஆள் நகர்வதும் இயல்பு. ஏசிசியைத் தொடங்கியவற்றுள் ஒன்றான மேரிலந்து பல்கலைக்கழகம் 2012 நவம்பரில் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தது. அதற்குச் சற்று முன்புதான் ஏசிசி தன் விலகல் கட்டணத்தை 50 மில்லியன் டாலருக்கு மேல் உயர்த்தியிருந்தது. வழக்கு 2014இல் சமரசத்தில் முடிந்தது. மேரிலந்து விட்டுக்கொடுத்தது 31.36 மில்லியன் டாலர். கட்டணம் மட்டும் கதவைப் பூட்டாது என்பதை ஏசிசி அதற்கு முன்பே உணர்ந்திருக்க வேண்டும். மேரிலந்து அறிவித்த சில மாதங்களில், 2013 ஏப்ரலில், அது இன்னொரு பூட்டைப் போட்டது.

அந்தப் பூட்டின் பெயர் உரிமை ஒப்படைப்பு ஒப்பந்தம். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் சொந்த மைதானத்தில் நடக்கும் ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமையைக் கூட்டமைப்புக்கே எழுதிக் கொடுத்தது. 2016இல் அந்தக் காலக்கெடு 2036 வரை நீட்டிக்கப்பட்டது. ஏசிசியின் விளக்கப்படி, உறுப்பினர் விலகிப் போனாலும் அந்த உரிமை 2036 வரை ஏசிசியிடமே இருக்கும். கடையை வேறு தெருவுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கல்லாப்பெட்டி பழைய தெருவில்தான். தான் விற்க முடியாத ஆட்டங்களோடு வரும் ஓர் அணியை எந்தக் கூட்டமைப்பு சேர்த்துக்கொள்ளும்?

அன்று கையெழுத்திட்டவர்கள் ஏமாளிகள் இல்லை. நீண்டகால உறுதி கொடுத்தால்தான் இஎஸ்பிஎன் நிறுவனம் ஏசிசிக்கென்று தனி ஒளிவழி தொடங்கும் என்ற நிலை இருந்தது. அந்த ஒளிவழி 2019இல் வந்தது. சிக்கல் பிறகு முளைத்தது. 2022 ஆகஸ்ட்டில் பிக் டென் ஏழு ஆண்டுகளுக்கு 7 பில்லியன் டாலருக்கு மேல் மதிப்புள்ள ஒளிபரப்பு ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. ஏசிசியோ பழைய விலையில் 2036 வரை கட்டுண்டு கிடந்தது.

இதில் மிகவும் கொதித்தது ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம். 2012இல் விலகல் கட்டணத்தை உயர்த்துவதை எதிர்த்தவை இரண்டே பல்கலைக்கழகங்கள்: ஒன்று மேரிலந்து, இன்னொன்று இது. அப்படியிருந்தும் 2013இலும் 2016இலும் உரிமையை எழுதிக் கொடுத்தது. 2023 பருவத்தில் அதன் காற்பந்து அணி 13 ஆட்டங்களிலும் வென்று ஏசிசி கிண்ணத்தைக் கைப்பற்றியது. ஆனால் டிசம்பர் 3ஆம் தேதி தேசியப் பட்டத்துக்கான நால்வர் பட்டியல் வெளியானபோது அதில் அதன் பெயர் இல்லை. முதன்மை ஆட்டக்காரர் காயமடைந்ததைத் தேர்வுக் குழு காரணமாகச் சொன்னது. ஒரு தோல்வி கண்ட அலபாமாவுக்கு இடம் கிடைத்தது. ஏசிசியில் இருப்பதால் பணம் மட்டுமின்றி மதிப்பும் போகிறது என்ற ஆத்திரத்துக்கு அது எண்ணெய் ஊற்றியது.

அந்த மாதமே நீதிமன்றம். ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் வழக்குப் போடப் போகிறது என்பதை அறிந்த ஏசிசி, ஒரு நாள் முந்திக்கொண்டு டிசம்பர் 21இல் தன் தலைமையகம் உள்ள வட கரோலைனாவில் வழக்குத் தொடுத்தது. மறுநாள் பல்கலைக்கழகம் தன் ஊர் நீதிமன்றத்தை நாடியது. சொந்த மைதானத்தில் ஆடுவதன் பலன் வழக்கறிஞர்களுக்கும் தெரியும்! 2024 மார்ச்சில் கிளெம்சன் பல்கலைக்கழகம் தென் கரோலைனாவில் வழக்குப் போட, ஏசிசி அதற்கும் மறுவழக்குப் போட்டது. ஆக மூன்று மாநிலங்களில் நான்கு வழக்குகள்.

ஃபுளோரிடா தரப்பு நீட்டிய கணக்கு 572 மில்லியன் டாலர். விலகல் கட்டணம் 130 மில்லியன், வேறு சில ஒளிபரப்புத் தொகைகள் 13 மில்லியன், 2036 வரை இழக்கும் உரிமைகளின் மதிப்பு 429 மில்லியன். இவ்வளவு பெரிய தொகை இழப்பீடு அல்ல, தண்டனை. எனவே செல்லாது என்பது அதன் முதன்மை வாதம்.

இந்த வாதம் நமக்கும் அந்நியமானது இல்லை. ஒப்பந்தத்தை மீறுபவர் இவ்வளவு தர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். ஆனால் அந்தத் தொகை, ஏற்படக்கூடிய இழப்பை நேர்மையாக மதிப்பிட்டதாக இருக்க வேண்டும். மிரட்டுவதற்காக வைத்ததாக இருந்தால் நீதிமன்றம் ஏற்காது. 1915இல் இங்கிலாந்தில் உருவான இந்த விதியைச் சிங்கப்பூரின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் மீண்டும் உறுதிப்படுத்தியது. இங்கிலாந்து அதற்குள் வேறு பாதைக்கு மாறியிருந்தது. மலேசியாவில் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, எழுதப்பட்ட தொகைக்கு மிகாமல் 'நியாயமான இழப்பீடு' மட்டுமே பெறலாம் என்கிறது.

என் பார்வையில் ஃபுளோரிடாவின் வாதம் பலவீனமானது. உபகாரச் சம்பளத்தை ஏற்று, படித்து முடித்ததும் இத்தனை ஆண்டுகள் வேலை செய்வேன் என்று கையெழுத்திடும் 18 வயது மாணவருக்குப் பெரும்பாலும் பக்கத்தில் வழக்கறிஞர் இருப்பதில்லை. பேரம் பேசும் வலிமையும் இல்லை. ஃபுளோரிடாவுக்கு இரண்டும் இருந்தன. இருமுறை கையெழுத்திட்டது, ஆண்டுதோறும் பணத்தையும் வாங்கியது. விலை ஏறிய பிறகு 'அநியாயம்' என்றால் எடுபடுமா? கிளெம்சனின் அணுகுமுறை சற்று நுட்பமானது. ஒப்பந்தம் செல்லாது என்று அது வாதாடவில்லை. உறுப்பினராக இருக்கும்போது நடக்கும் ஆட்டங்களின் உரிமையைத்தான் எழுதிக் கொடுத்தோம், விலகிய பிறகு நடப்பவை அதில் அடங்காது என்றது. ஒரே வாசகத்துக்கு இரண்டு பொருள். நீதிமன்றம் எந்தப் பொருளை ஏற்றிருக்கும் என்பதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

பார்க்க முடியவில்லை. 2025 மார்ச் 4ஆம் தேதி எல்லாரும் சமரசம் செய்துகொண்டனர். 2025-26இல் விலகினால் கட்டணம் 165 மில்லியன் டாலர். ஆண்டுக்கு 18 மில்லியன் குறைந்து 2030-31இல் 75 மில்லியனில் நிற்கும். பணத்தைக் கட்டினால் ஒளிபரப்பு உரிமையையும் கையோடு எடுத்துப் போகலாம். பூட்டைக் கழற்றிவிட்டு விலைப்பட்டியல் மாட்டியது போல. கூடவே வருமானப் பங்கீடும் மாறியது. தொலைக்காட்சி வருமானத்தில் 60 விழுக்காடு இனி எந்த அணியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதை வைத்துப் பிரிக்கப்படும்; 40 விழுக்காடு மட்டுமே சமமாக. வழக்கே போடாத, பார்வையாளர் குறைந்த பல்கலைக்கழகங்களின் பங்கு இதில் சுருங்குகிறது. இடைப்பட்ட 2024 பருவத்தில் ஃபுளோரிடா இரண்டு ஆட்டங்களில் வென்று பத்தில் தோற்றது என்பதையும் சொல்ல வேண்டும்.

பின்தங்கி நிற்பவர்களின் நிலையை அறிய மேற்குக் கரையைப் பார்க்கலாம். பாக்-12இலிருந்து பத்துப் பல்கலைக்கழகங்கள் வெளியேறுவதாக அறிவித்த பிறகும், கூட்டமைப்பின் நிர்வாகக் குழுவில் வாக்களிக்க விரும்பின. எஞ்சிய ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகமும் 2023 செப்டம்பரில் வழக்குத் தொடுத்தன. போவதாகச் சொன்னவர் குழுவில் இருக்க முடியாது என்பது கூட்டமைப்பின் விதி. 2022இல் முதலில் கிளம்பிய இரண்டு பல்கலைக்கழகங்களை அதே விதியைக் காட்டித்தான் மற்றவை குழுவிலிருந்து விலக்கியிருந்தன. நீதிமன்றம் எஞ்சிய இரண்டின் பக்கம் நின்றது. வீட்டுச் சாவி கிடைத்தது, ஆனால் வீட்டில் ஆள் இல்லை. ஸ்டான்ஃபர்டும் பெர்க்லியும் ஏசிசிக்குப் போனபோது முழுப் பங்கு கேட்கும் நிலையில் இல்லை. முதல் ஏழு ஆண்டுகளுக்கு 30 விழுக்காட்டுப் பங்குக்கு ஒப்புக்கொண்டன.

இத்தனை வழக்குகளிலும் வாதியும் பிரதிவாதியும் நிறுவனங்களே. பயணம் செய்வது மாணவர்கள். லாஸ் ஏஞ்சலிஸின் யுசிஎல்ஏவும் நியூ ஜெர்சியின் ரட்கர்சும் இப்போது பிக் டென்னில் ஒன்றாக இருக்கின்றன. இடைத்தூரம் ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர், நேர வித்தியாசம் மூன்று மணி. சிங்கப்பூரிலிருந்து ஷாங்காய்க்கும் கிட்டத்தட்ட இவ்வளவு தூரம்தான். காற்பந்து அணிக்கு வாரத்துக்கு ஓர் ஆட்டம், சமாளித்துவிடும். கைப்பந்து, சாஃப்ட்பால் அணிகள் வாரத்தில் பலமுறை ஆடுபவை. பணம் கொண்டுவராத அந்த விளையாட்டுகளின் மாணவர்கள்தான் விமானத்தில் பாடப்புத்தகத்தைத் திறக்கிறார்கள்.

அந்த மாணவர்கள் விலக நினைத்தபோது என்ன நடந்தது? பல்லாண்டுகளாக, வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறும் காற்பந்து, கூடைப்பந்து விளையாட்டாளர் பொதுவாக ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும் என்பது என்சிஏஏ விதி. 2021இல் முதல் மாற்றத்துக்கு மட்டும் அது தளர்த்தப்பட்டது. இரண்டாம் முறை மாறியவர்களுக்கான தடையை மேற்கு வெர்ஜீனியாவில் உள்ள கூட்டரசு நீதிமன்றம் 2023 டிசம்பர் 13ஆம் தேதி தற்காலிகமாக நிறுத்தியது. ஃபுளோரிடா தன் சுதந்திரத்துக்காக நீதிமன்றம் போவதற்கு ஒன்பது நாள் முன்பு அது. 2024 ஏப்ரலில் விதியே மாறியது. பல்கலைக்கழகங்கள் விளையாட்டாளர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்ற நிலை 2025 ஜூன் 6ஆம் தேதி ஒரு நீதிமன்றம் சமரசம் ஒன்றை ஏற்ற பிறகே வந்தது. முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு பல்கலைக்கழகத்துக்கு ஏறத்தாழ 20.5 மில்லியன் டாலர். அதன் பங்கீடு பெரும்பாலும் காற்பந்து, கூடைப்பந்து பக்கமே சாய்கிறது.

ஏசிசியின் ஒளிபரப்பு ஒப்பந்தத்தை 2036 வரை தொடரும் தன் உரிமையை இஎஸ்பிஎன் 2025 ஜனவரியிலேயே பயன்படுத்திவிட்டது. ஆனால் அடுத்த பெரிய நகர்வுக்கு 2036 வரை காத்திருக்க வேண்டியிராது. பிக் டென்னின் ஒளிபரப்பு ஒப்பந்தம் 2029-30இல் முடிகிறது. அதையடுத்த ஆண்டில்தான் ஏசிசியின் விலகல் கட்டணம் 75 மில்லியனுக்கு இறங்கும். யார், எப்போது கிளம்புவார்கள் என்ற கணக்கு இப்போதே தொடங்கிவிட்டது.