மணிமேகலையை 'மணி' ஆக்குவது யார்?

எங்க அக்கா மகளுக்கு மணிமேகலைன்னு பேர் வச்சவன் நான். பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போனப்ப வாத்தியார் எழுதுறதை நிறுத்திட்டு ஏற இறங்கப் பார்த்தார். "உங்க தெருவுக்கு எதுக்குப்பா இம்புட்டு நீளப் பேரு?" என்று கேட்டுவிட்டு, 'மணி' என்று எழுதினார். சண்டை போட்டுத்தான் முழுப் பெயரையும் எழுத வைத்தேன். ஏட்டில் ஏறிவிட்டது, ஆனால் வாயில் ஏறவில்லை. ஊர்க்காரர்களுக்கு அவள் 'ஏ புள்ள'. வேடசந்தூர்ப் பக்கம் மில்லு வேலைக்குப் போனபோது ஒரு டோக்கன் நம்பர்.

"பேருல என்ன தோழர் அரசியல்?" என்று கேட்கிற மாணவத் தோழர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிடவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். நல்ல தீர்மானம்தான். வெட்டி எறிய அவர்களிடம் வால் இருந்தது. எங்க தாத்தாவை ஊர்ப் பொடியன்கூட 'டேய்' போட்டுத்தான் கூப்பிட்டான். அவர்களுக்குப் பெயரில் கழிக்க வேண்டியிருந்தது, நமக்கோ பெயரே வாங்க வேண்டியிருந்தது. காத்தவராயனாகப் பிறந்தவர் தம் ஆசிரியரின் பெயரை ஏற்று அயோத்திதாசர் ஆனார். தொல். திருமாவளவன் தம் தந்தை இராமசாமியின் பெயரைத் தொல்காப்பியன் என்று மாற்றினார். இதெல்லாம் விளையாட்டு இல்லை.

சரி, மணிமேகலை என்றால் என்ன? மேகலை என்பது பெண்கள் இடையில் அணியும் அணி. மணிகள் கோத்த மேகலை மணிமேகலை. அகராதி இதோடு நின்றுவிடும். காப்பியம் சொல்வது வேறு. கோவலனின் முன்னோன் ஒருவன் கப்பல் உடைந்து கடலில் தத்தளித்தபோது காப்பாற்றிய தெய்வத்தின் பெயர் அது. அந்த நன்றியில்தான் மாதவி பெற்ற பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்கிறான். பௌத்தர்களின் மகாஜனக ஜாதகத்திலும் நடுக்கடலில் தவிப்பவனைத் தூக்கிவிடுவது இதே மணிமேகலாதான். தாய்லாந்திலும் கம்போடியாவிலும் மின்னலின் தேவதையாக இவளை ஆடுகிறார்கள். முங்கிப் போகிறவனுக்குக் கை கொடுக்கிறவளின் பெயர் இது. வெறும் நகையின் பெயராகச் சுருக்கிவிட்டார்கள்.

பெயருக்குப் புழக்கம் இல்லாமல் இல்லை. திராவிட இயக்கம் காப்பியப் பெயர்களைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோனது. கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் கடம்பூர் மாளிகைப் பெண்ணுக்கும் இதே பெயர். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு அரசு கொடுக்கும் விருதும் மணிமேகலை விருதுதான். எல்லாரும் பெயரை எடுத்துக்கொண்டார்கள். கதையை விட்டுவிட்டார்கள்.

அந்தக் கதை யாருடையது? கணிகை மகள், பிறப்பு விதித்த தொழிலைச் செய்யமாட்டேன் என்கிறாள். இளவரசன் உதயகுமரன் விடாமல் துரத்துகிறான். கணிகை மகள்தானே, கேட்க யார் இருக்கிறார்கள் என்ற துணிச்சல். அவளோ பசித்தவர்களுக்குச் சோறிடுகிறாள், அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டம் ஆக்குகிறாள்.

அவள் கையில் இருக்கும் அமுதசுரபி ஆபுத்திரனுடையது. பெற்றவள் போட்டுவிட்டுப் போன பிள்ளை அவன். வேள்விக்குக் கட்டிய பசுவை அவிழ்த்து விட்டவன். பார்ப்பனர்கள் அவன் பிறப்பைச் சொல்லி இழித்தபோது, "உங்கள் வசிட்டனும் அகத்தியனும் யார் வயிற்றுப் பிள்ளைகள்?" என்று திருப்பிக் கேட்டவன். அதற்குக் கூலியாக அவன் பிச்சைப் பாத்திரத்தில் கல் விழுந்தது. ஊரைவிட்டு விரட்டப்பட்டவனுக்கு அமுதசுரபி கிடைத்தது நம்ம மதுரையில்தான். சேரிக்காரனுக்கு இந்தக் கதையில் எது அந்நியம், சொல்லுங்கள்.

உ.வே.சா. மணிமேகலையை அச்சில் கொண்டுவந்தது 1898-இல். அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டதும் அதே 1898-இல். முதலாவதை எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். இரண்டாவதை நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உதயகுமரன் செத்துவிட்டானா? 2021 சனவரியில் எங்கள் வேடசந்தூர் வட்டாரத்து ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் கொல்லப்பட்டார். கொலைக் குற்றச்சாட்டு அவருடைய மேற்பார்வையாளர் மீதே. தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. பெண்கள் தலைமையில் நடக்கும் சங்கம் அது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாலியல் சீண்டலையும் சாதி வசவையும் தொழிலாளிகளே கண்காணித்துப் புகார் சொல்ல அதில் வழி செய்தார்கள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குகிற வேலை என்று நான் இதைத்தான் சொல்வேன்.

"பேரை மாத்துனா சாதி போயிருமா?" என்று ஒரு தோழர் கேட்டார். போகாது. நிலம் வேண்டும், கூலி வேண்டும், சங்கம் வேண்டும். ஆனால் 'ஏ புள்ள' என்று கூப்பிடுகிறவன் எதற்காக அப்படிக் கூப்பிடுகிறான்? பேர் உள்ளவளுக்கு ஒன்று நடந்தால் நாலு பேர் கேட்பார்கள். பேர் இல்லாதவளை யார் தேடுவது? ஒப்பந்தத் தாளில் புகார் எழுதவும் முதலில் ஒரு பெயர் வேண்டும்.

போன மாசம் அக்கா மகள் வந்திருந்தாள். சூப்பர்வைசர் 'ஏ புள்ள'ன்னு கூப்பிட்டப்ப இவள் திரும்பவே இல்லையாம். மூணாந்தடவை கத்தினப்ப, "எம் பேரு மணிமேகலை சார்" என்றாளாம். "அப்புறம் கூப்பிட்டானா?" என்று கேட்டேன். "மணின்னு கூப்பிட்டாரு மாமா. பாதி வந்திருச்சு" என்றாள்.

மீதிப் பாதிக்கும் சேர்த்துத்தான் தோழர்களே நாம் வேலை செய்யவேண்டும். நம்ம பிள்ளைகளை முதலில் நாமாவது முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம்.